எக்ஸிமா: களிம்புக்கு முன்னால் வகை தெரிய வேண்டும்

எக்ஸிமா என்பது அரிப்போடு வரும் தோல் அழற்சி, அதில் பல வகை. தோல் அரித்தால் முதல் ட்யூப் பெரும்பாலும் மெடிக்கலில் கேட்டு வாங்கியதாகத்தான் இருக்கும். குளோபெட்டசால் என்ற கடுமையான ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சை மருந்து, ஓர் ஆன்டிபயாடிக் என எல்லாம் கலந்த களிம்பு. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், நிறுத்தியதும் திரும்பும். வந்திருப்பது படர்தாமரை என்றால் இன்னும் மோசம். ஸ்டீராய்டு அதன் சிவந்த ஓரத்தை மழுங்கடித்துவிட்டுப் பூஞ்சையைப் பரவ விடும், பிறகு மருத்துவருக்கே அடையாளம் பிடிபடாது. அதனால் சந்தேகம் இருந்தால் செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சில நிமிட வேலைதான்.

பூஞ்சை இல்லை என்றால், வந்த இடமே பாதி பதிலைச் சொல்லும். சின்ன வயதிலிருந்து முழங்கை, முழங்கால் மடிப்பில் வந்து போனால் பெரும்பாலும் அடோபிக், அதாவது ஒவ்வாமை உடல்வாகோடு வரும் எக்ஸிமா. உள்ளங்கையிலும் விரல் ஓரங்களிலும் ஜவ்வரிசி போலக் கொப்புளம் என்றால் பாம்ஃபாலிக்ஸ். புருவம், மூக்கோரம், தலை என எண்ணெய் சுரக்கும் இடங்கள் என்றால் செபோரிக். அதற்குப் பூஞ்சை எதிர்ப்பு மருந்தான கீட்டோகோனசோல்தான் முதல் மருந்து. மாலையில் வீங்கும் காலில் கணுக்காலுக்கு மேல் பழுப்பேறினால் வெரிகோஸ் எக்ஸிமா. அங்கே அழுத்தக் காலுறை இல்லாமல் களிம்பு மட்டும் போதாது. ஆனால் காலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று டாப்ளர் என்ற ரத்த ஓட்டச் சோதனையில் பார்த்த பிறகே காலுறை.

கைதான் ஆளை ஏமாற்றும். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் நுனிகள் மட்டும் வெடித்து உரிந்தால் பூண்டைச் சந்தேகிக்க வேண்டும். பூண்டைப் பிடிப்பது அந்த விரல்கள், கத்தியைப் பிடிப்பது மறு கை. பூண்டின் சாறு சாதாரண ரப்பர் கையுறையையும் ஊடுருவும், ஆகவே உரிக்கிற வேலையையே வேறொருவர் ஏற்றுக்கொள்வதுதான் தீர்வு. மோதிரத்துக்கு அடியில் தொடங்கினால் அங்கே தேங்கும் சோப்புத் தண்ணீராக இருக்கலாம். கொத்தனார் கை என்றால் சிமெண்டில் உள்ள குரோமேட் என்ற உப்பாக இருக்கலாம். உறுதிப்படுத்த பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. சந்தேகப்படும் பொருட்களைச் சிறு பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுப்பார்கள், அதுவரை முதுகு நனையக் கூடாது. 72 அல்லது 96 மணி நேரத்தில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். லீவு கிடைக்கவில்லை என்று பலர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது முறை போவதைத்தான். தாமதமாக எழும் ஒவ்வாமை அன்றுதான் தெரியும்.

எந்த வகையானாலும் வறண்ட தோலுக்கு ஈரப்பூச்சுதான் அடிப்படை. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளியல், துண்டால் ஒற்றி எடுத்து, மூன்று நிமிடத்துக்குள் பூச்சு. உடம்பு முழுக்க வறண்ட பெரியவருக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை ஆகும். 50 கிராம் ட்யூபை மாதக்கணக்கில் இழுத்தால் பயன் இருக்காது. வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி மலிவு, வேலையும் செய்யும். வெயில் காலத்தில் பகலில் கிரீம், இரவில் ஜெல்லி. இல்லையென்றால் வியர்க்குரு கிளம்பும். பூச்சு ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும், அடுப்பருகே கவனம்.

ஸ்டீராய்டு களிம்பைப் பயந்து பயந்து தொட்டு வைப்பதும் தவறு, அள்ளிப் பூசுவதும் தவறு. ஆள்காட்டிவிரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் அரை கிராம். அது, விரல்களையும் சேர்த்து, பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். முகத்துக்கு மென்மையானது மட்டும், அதுவும் மருத்துவர் சொன்ன நாள் வரை. அரிப்பு நின்றதும் நிறுத்தாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள்; சொரசொரப்பு தட்டுப்பட்டால் வேலை முடியவில்லை. அடிக்கடி திரும்பும் இடத்தில், ஆறிய பிறகும் வாரம் இரண்டு நாள் பூசச் சொல்வது உண்டு. ஆறிய இடம் வெளிறித் தெரிவது பெரும்பாலும் எக்ஸிமா விட்டுப்போன தடம்தான், மாதங்களில் நிறம் திரும்பும். ஸ்டீராய்டு அல்லாத களிம்பான டாக்ரோலிமஸ் முதல் சில நாள் எரியும். அது தோலை மெலியச் செய்யாது, எரிச்சலுக்காக விட்டுவிட வேண்டாம்.

கரப்பான் பண்டம் என்று குழந்தைக்கு முட்டை, மீன், கத்தரிக்காய் எல்லாவற்றையும் சோதனையின்றி நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். வளர வேண்டிய உடம்பு அது.

மஞ்சள் பொருக்கோடு கசிந்தால் கிருமித் தொற்று, மருத்துவரைப் பார்க்க வேண்டும். துளையிட்டது போல ஒரே அளவுப் புண்கள் திடீரெனக் கிளம்பி, வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அது ஹெர்பீஸ் வைரஸாக இருக்கலாம். காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணருகே இருந்தால் கண் மருத்துவரும் அன்றைக்கே பார்க்க வேண்டும்.