ஒரு டிக்கெட்டுக்கு 23 கட்டங்கள்

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பழைய மகாபலிபுரம் சாலையில் நான் அப்போது பணியாற்றிய மென்பொருள் நிறுவனத்தில், எங்கள் பிரிவு பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த திட்ட மேலாண்மைக் கருவியை (யார் எந்த வேலையில் இருக்கிறார், எந்தப் பிழை இன்னும் திருத்தப்படவில்லை என்று பதிந்துவைக்கும் மென்பொருள்) வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று மேலிடம் முடிவெடுப்பதற்காக, அதைப் பயன்படுத்துகிறவர்களின் கருத்துகளைத் திரட்டித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. பிரிவில் 64 பேர் இருந்தோம். இணையப் படிவம் ஒன்றை அனுப்பி, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லி, சராசரி எடுத்துக் கொடுத்தால் போதும் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது. அப்படியே செய்தேன். சராசரி மூன்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது; அதை வைத்துக்கொண்டு யாரும் எந்த முடிவுக்கும் வர முடியாது. அதன் பிறகுதான் ஒவ்வொருவருடைய இருக்கைக்கும் போய், பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ‘இன்று காலையில் இதில் என்ன செய்தீர்கள், திறந்து காட்டுங்கள்’ என்று கேட்கத் தொடங்கினேன். இரண்டு வாரத்தில் முடியும் என்று நினைத்த வேலை ஏழு வாரம் இழுத்தது. பேச ஆரம்பித்தவர்கள் நிறுத்துவதாக இல்லை.

நாங்கள் பயன்படுத்திய கருவியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பெயரோடு தங்களுக்கு இருக்கும் பழைய கணக்கைத் தீர்க்கப் போய்விடுவார்கள். அன்றைக்குச் சந்தையில் பேர்பெற்றிருந்தவற்றில் அதுவும் ஒன்று என்பது போதும்.

முதலில் எனக்குப் புரிந்தது, நல்லது என்றவர்களும் ஆகாது என்றவர்களும் ஒரே கருவியின் வெவ்வேறு பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது. மேனேஜர்கள் காலையில் கணினியைத் திறந்ததும் வண்ண வண்ணமான வரைபடங்களைப் பார்த்தார்கள். அவர்கள் அதில் எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. நிரல் எழுதும் டெவலப்பர்களும் அதில் பிழை தேடும் டெஸ்டர்களும் அந்த வரைபடங்களைப் பெரும்பாலும் பார்த்ததே கிடையாது. அவற்றுக்குத் தீனி போடும் படிவத்தைத்தான் நாள்தோறும் பார்த்தார்கள். கருவியை வாங்குவதற்குக் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் முதல் வகையினர். விற்க வந்தவர் செய்துகாட்டியதும் அந்த வரைபடங்களைத்தான் என்று, அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவர் எனக்குச் சொன்னார்.

அந்த ஏழு வாரங்களில் என் மனத்தில் தங்கிப்போனவர் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மூத்த டெஸ்டர். இளையவர்கள் அவரை அக்கா என்றே அழைப்பார்கள். நான் போய் உட்கார்ந்த அன்று, ஒரு பொத்தானில் இருந்த எழுத்துப்பிழையை அவர் பதிவு செய்யவிருந்தார். புதிய டிக்கெட் திரையைத் திறந்தார் (ஒவ்வொரு பிழைக்கும் வேலைக்கும் கருவியில் திறக்கும் பதிவுக்குத்தான் டிக்கெட் என்று பெயர்). நிரப்பாமல் விட்டால் சிவப்புக் கோடு காட்டும் கட்டங்கள் 23 இருந்தன. எந்த வெளியீடு, எந்தத் தொகுதி, எந்த உலாவி, தீவிரம் எவ்வளவு, முன்னுரிமை எவ்வளவு (இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எங்கள் பிரிவில் மூன்று பேருக்கு மேல் சொல்ல முடியாது), வேலையின் எந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது, எந்த நிலையில் கண்டுபிடித்திருக்க வேண்டும், மூல காரணம் என்ன என்று அது போய்க்கொண்டே இருந்தது. என் கைக்கடிகாரத்தில் ஆறு நிமிடம் நாற்பது வினாடி ஆனது. அந்தப் பிழையைத் திருத்துவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அவருடைய மேசையில் கோடு போட்ட ஒரு நீள நோட்டு இருந்தது. உண்மையான பதிவு அதில்தான் இருந்தது. இடது ஓரத்தில் தேதியும், மென்பொருளின் எந்தப் பதிப்பு என்று காட்டும் பில்டு எண்ணும், நடுவில் தான் என்ன செய்தார், என்ன நடந்தது என்று இரண்டு வரி, சரிசெய்யப்படாதவற்றுக்குச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பகல் முழுவதும் நோட்டில் எழுதிவிட்டு, மாலை ஐந்தரைக்கு மேல் உட்கார்ந்து அவற்றைக் கருவிக்குள் ஏற்றுவார். எல்லாவற்றையும் ஏற்றுவீர்களா என்று கேட்டேன். “சின்னச் சின்னதையெல்லாம் ஏத்துறதில்லைங்க. நேரா அந்தத் தம்பிகிட்டயே போய் ‘இதப் பாத்துக்கோ சாமி’ன்னு சொல்லிருவேன்” என்றார். நாளொன்றுக்கு மூன்று நான்கு பிழைகள் இப்படிக் கருவிக்குத் தெரியாமலேயே பிறந்து கருவிக்குத் தெரியாமலேயே மறைந்தன. ஒவ்வொரு மாதமும் கிளையன்டுக்கு நாங்கள் காட்டிய பிழை எண்ணிக்கை எதைக் காட்டியது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். புறப்படும்போது அவர் கடைசியாக ஒன்று சொன்னார்: “இது எங்கிட்டக் கேள்வி கேட்டுட்டே இருக்குதுங்க. ஆனா நான் சொல்ற பதில யாரும் படிக்கிறதில்ல.”

அது மனக்குறை மட்டும்தானா என்று பார்க்க, ஓராண்டுப் பதிவுகளை எக்செல்லில் இறக்கினேன். ‘மூல காரணம்’ என்ற கட்டத்துக்கு 14 விடைகள் வைக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ பாதி டிக்கெட்டுகளில் ‘தேவை ஆவணத்தில் தெளிவின்மை’ என்ற விடை இருந்தது (மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைப்பது தேவை ஆவணம்). பட்டியலில் முதலாவதாக இருந்தது அதுதான். பொத்தான் எழுத்துப்பிழைக்கும் அது, கணக்குத் தவறியதற்கும் அது, சர்வர் விழுந்ததற்கும் அது. இதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. முந்தைய ஆண்டு இதே எண்ணிக்கையை ஆதாரமாகக் காட்டி, தேவை ஆவணங்களை எழுதுகிறவர்களை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். பாவம், அவர்களும் குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

டெவலப்பர்களின் குறை வேறு. ஒரே செய்தியைப் பல இடங்களில் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார்கள். டிக்கெட்டில் நிலையை மாற்ற வேண்டும், காலையில் நின்றபடியே நடக்கும் ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் வாயால் சொல்ல வேண்டும், வெள்ளிக்கிழமை ஒரு எக்செல் கோப்பில் எழுத வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் ‘ஸ்டேட்டஸ் என்ன?’ என்று வரும். ஓர் இளைஞர் அதற்குப் பதிலாக டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து அனுப்பிவைத்து, மறுநாள் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த மேனேஜரிடமும் கேட்டேன். ‘அதில் இருப்பது நேற்றைய நிலவரம்தானே’ என்றார். கருவியை வாங்கியவர்களே அதை நம்பவில்லை என்பதை அறிக்கையில் எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் விழித்தேன்.

இந்தக் கருவிகளின் தொடக்கம் இப்படி இருக்கவில்லை. இணைய உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்திலிருந்து மோசில்லா திட்டம் பிறந்த 1998இல், டெர்ரி வைஸ்மன் என்ற நிரலாளர் பக்ஸில்லாவை எழுதினார். பிழைகளை மறக்காமல் இருக்க நிரலாளர்களே வைத்துக்கொண்ட குறிப்பேடு என்று அதைச் சொல்லலாம், அதாவது அக்காவின் நோட்டுக்கு நெருங்கிய உறவு. 2002இல் சிட்னியின் அட்லாசியன் நிறுவனம் கொண்டுவந்த ஜிராவும் பிழைகளைப் பின்தொடரத்தான் வந்தது. காட்ஸில்லா என்ற திரைப்பட அரக்கனின் ஜப்பானியப் பெயரான கோஜிராவிலிருந்து அதன் பெயரை வெட்டியெடுத்தார்கள். அது பக்ஸில்லாவைக் குறித்த கேலி. பிற்பாடு வந்தவை ஒவ்வொன்றும், உங்களுக்கு வேண்டிய கட்டங்களை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம் என்பதைத் தங்கள் பெருமையாகச் சொல்லி விற்றன. நாங்களும் சேர்த்தோம். 64 பேரில் பெரும்பாலோர் கருவியைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு திட்டியது, எங்கள் நிறுவனம் அதற்குள் கட்டிவைத்த படிவத்தைத்தான். நாங்கள் எதையும் சேர்ப்பதற்கு முன், வாங்கிய நிலையில் அந்தக் கருவி கேட்ட கட்டாயக் கட்டங்கள் இரண்டே இரண்டு.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு விடுதியில் கூடிய 17 பேர், மென்பொருளை எப்படி உருவாக்க வேண்டும் என்பது பற்றி எழுதிய அஜைல் பிரகடனத்தின் முதல் கோட்பாடே, செயல்முறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களும் அவர்களுக்கிடையிலான உரையாடலும் மேலானவை என்பதுதான். அதைச் சட்டம்போட்டு எங்கள் கூட்ட அறையில் மாட்டியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே இருந்த திரையில்தான் புரொஜெக்டர் ஒவ்வொரு நாளும் டிக்கெட் பட்டியலைக் காட்டும்.

கருத்து என்பதற்கும் ஒரு தேதி உண்டு என்பதை அதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டியவன் நான். 2004இல் வேலைக்குச் சேர்ந்தபோது மைக்ரோசாஃப்டின் விஷுவல் சோர்ஸ்சேஃப்பில்தான் நிரல்களை வைத்திருந்தோம். ஒருவர் ஒரு கோப்பைத் திருத்துவதற்காகச் செக்-அவுட் செய்தால், அதாவது தன் பெயரில் எடுத்துக்கொண்டால், அவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர்கள் அதைத் தொட முடியாத வகையில் அமைத்திருந்தார்கள். பொங்கலுக்கு முந்தைய நாள், முக்கியமான கோப்பொன்றைத் தன் பெயரில் பூட்டிவைத்துவிட்டு ஒரு சகா தேனிக்குப் பேருந்து ஏறிவிட்டார். பூட்டை உடைக்க அதிகாரம் படைத்த நிர்வாகியும் ஊருக்குப் போயிருந்தார். காணும் பொங்கல் முடியும்வரை நான்கு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்படியிருந்தும் அந்த முறையை மாற்றலாம் என்றபோது எல்லோரும் எதிர்த்தார்கள். இரண்டு பேர் ஒரே கோப்பைத் திருத்தினால் என்ன ஆவது என்ற பயம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலை எழுதுகிறவர்களுக்கு, நிரல்களை வைத்துக்கொள்ள உதவிய பிட்கீப்பர் கருவியின் இலவச உரிமம் இல்லாமல் போனதால் 2005 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கிட் (ஒரே கோப்பைப் பலர் திருத்தினாலும் மாற்றங்களை இணைக்க உதவும் கருவி), எங்கள் பிரிவுக்கு 2012இல் வந்து சேர்ந்தது. அப்போது அதை எதிர்த்து ஒரு மூத்த டெவலப்பர் நான்கு பக்க மின்னஞ்சல் எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து, ஒரு கிளையன்ட் தங்களுடைய பழைய முறையில்தான் வேலை செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியபோது, கிட் இல்லாமல் வேலையே செய்ய முடியாது என்று இன்னொரு நான்கு பக்கம் வந்தது. எழுதியவர் அவரேதான். அதனால் 2019இல் ஒவ்வொருவரிடமும் பிடித்ததா என்று கேட்பதற்கு முன், எத்தனை மாதமாக இதில் இருக்கிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

எல்லோரும் ஒருமனதாக விரும்பியது ஒரே ஒரு கருவியைத்தான். ஆறு பேர் கொண்ட ஒரு சிறு குழு, சுவரில் வெள்ளைப் பலகை வைத்து, மஞ்சள் ஒட்டுத்தாள்களில் வேலைகளை எழுதி, ‘செய்ய வேண்டியது’, ‘நடக்கிறது’, ‘முடிந்தது’ என்ற மூன்று பத்திகளில் நகர்த்திக்கொண்டிருந்தது. டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த, எந்தப் பாகம் எப்போது வேண்டும் என்று அறிவிக்கும் கான்பன் அட்டைகளின் தூரத்து வாரிசு அது. ஏசி காற்றில் தாள்கள் உதிரும். ஒருநாள் காலை, துப்புரவுப் பணி செய்யும் அம்மா ஒரு மஞ்சள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “இது எந்த வரிசைல இருந்துச்சு தம்பி, சொல்லு, ஒட்டிடறேன்” என்று கேட்டபடி நின்றது நினைவிருக்கிறது. குழுத் தலைவருக்கும் தெரியவில்லை. வேறொரு நாட்டில் இருந்த கிளையன்டுக்கு அந்தப் பலகை தெரியாது என்பதால், மாலையில் ஒருவர் அதைப் பார்த்துக் கருவியில் ஏற்றத்தான் வேண்டியிருந்தது. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. பலகை அலுவலகத்துக்குள் பூட்டப்பட்டது. வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வேலை பார்த்த அந்த ஆறு பேரும், யார் என்ன செய்கிறார்கள் என்று அறிய அந்த வெறுத்த கருவியைத் தவிர வேறு வழி இல்லாமல் அதற்குள் வந்து சேர்ந்தார்கள். சில மாதங்களில் அவர்களுடைய கருத்தும் மாறியிருந்தது. நான் மறுபடி அலுவலகம் போனபோது பலகை வெறுமையாக இருந்தது. தாள்கள் எல்லாம் அடியில் தரையில் கிடந்தன.

என் அறிக்கை, கருவியை மாற்ற வேண்டாம், கட்டங்களை ஆறாகக் குறையுங்கள் என்றது. அது நன்றாக எழுதப்பட்டிருப்பதாகப் பாராட்டி, அப்படியே வைத்துவிட்டார்கள். 2021இல் உரிமக் கட்டணம் உயர்ந்ததால் வேறொரு கருவிக்கு மாறினோம். புதியதில் படிவத்தை அமைக்கும் அதிகாரம் என் கைக்கு வந்தது. ஆறு கட்டங்களோடு தொடங்கினேன். அக்கா அன்று நோட்டை மூடி இழுப்பறையில் வைத்தார்.

2023இல் ஒரு நாள், அவர் என்னைத் தன் இருக்கைக்கு அழைத்தார். மேசையில் மறுபடியும் நீள நோட்டு இருந்தது. “எண்ணிப் பாருங்க” என்றார். எண்ணினேன், 19. எந்தக் கட்டத்தை யார் எந்தத் தேதியில் சேர்த்தார்கள் என்ற வரலாற்றைக் கருவி வைத்திருந்தது. திறந்து பார்த்தால், புதிய 13இல் நான்கு என் பெயரில் இருந்தன. நான்குக்கும் அப்போது நியாயமான காரணம் இருந்தது. ஒவ்வொரு முறையும் நேரடிப் பயன்பாட்டில் இருந்த மென்பொருளில் ஒரு தவறு நடந்தது, கிளையன்ட் கோபித்துக்கொண்டார், இனி இது நடக்காது என்பதற்கு எழுத்தில் ஏதாவது காட்ட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் ஒரு புதிய கட்டாயக் கட்டத்தைவிட மலிவான பரிகாரம் கிடையாது. ஒரு மின்னஞ்சலில் வேலை முடிந்துவிடும்.

நீக்குவதற்கு மட்டும் அதை யாராவது எங்காவது பயன்படுத்துகிறார்களா என்று எல்லா மேனேஜர்களிடமும் கேட்டு ஒப்புதல் பெற வேண்டும். நான்கில் ஒன்றுக்கு அன்று மாலையே ஒப்புதல் கிடைத்தது. மற்ற மூன்றையும் நீக்கக் கோரி நான் எழுப்பிய டிக்கெட், 19 கட்டங்களும் முறையாக நிரப்பப்பட்டு, நான் அந்த நிறுவனத்தைவிட்டு வரும்வரை திறந்தே இருந்தது. ‘மூல காரணம்’ என்ற இடத்தில் பட்டியலின் முதல் விடையைத்தான் நானும் தேர்ந்தெடுத்திருந்தேன்.