அம்மா வீட்டுச் சுவரில் ஒரு பள்ளம்

திருமங்கலம் பக்கம் எங்கள் அம்மா வீட்டு மாட்டுக்கொட்டகையில், மண்சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கையளவு பள்ளம் ஒன்று இருக்கிறது. மூத்தவள் வயிற்றில் இருந்தபோது நான் சுரண்டித் தின்றது அது. நாலாம் மாசம், சோறு கொதிக்கிற வாசம் பட்டாலே குமட்டும், ஆனால் அந்தச் சுவரில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும், நாக்கில் எச்சில் ஊறிவிடும். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து நகத்தால் பெயர்த்து வாயில் போடுவேன், முதலில் நறநறவென்று இருக்கும், அப்புறம் கரைந்து வழவழவென்று தொண்டையில் இறங்கும்.

அம்மா பார்த்துவிட்டார். திட்டவில்லை. "மசக்கைக்காரி மண்ணைத் திங்கத்தான் செய்வா, உன்னைய வயித்துல வச்சிருக்கயில நான் அடுப்புச் சாம்பலத் தின்னேன்" என்றார்.

புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் சேர மன்னனிடம் இதைத்தான் சொல்கிறார்: உன் நாட்டு மண்ணை மசக்கைப் பெண்கள் ஆசைப்பட்டு உண்டால்தான் உண்டு, பகைவர் உண்ண முடியாது. 'வயவுறு மகளிர்' என்கிறார். அரசனைப் புகழ்கிற இடத்தில் மண் தின்கிற பெண்ணைக் கூச்சமே இல்லாமல் கொண்டுவந்து வைத்திருக்கிறார், அதைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்தது. நைஜீரியாவில் இதற்கென்றே களிமண் கட்டிகளைச் சந்தையில் விற்கிறார்கள். நாம்தான் ஒளிந்து தின்கிறோம்.

ஒளிக்கிறதில்தான் ஆபத்து. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா நேராகவே கேட்டார்: "மண்ணு, சாம்பல், சிலேட்டுக்குச்சி ஏதும் திங்கிறியாம்மா?" தலையாட்டினேன். ஹீமோகுளோபின் 7.8. கர்ப்பிணிக்குக் குறைந்தது 11 இருக்க வேண்டும். இரத்தசோகை இருக்கிறவர்களுக்கு இந்த ஆசை அதிகம் வரும், ஆனால் களிமண் குடலில் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது, அதனால் தின்னத் தின்ன சோகை கூடலாம். மண்ணோடு புழு முட்டையும் வரும், சில மண்ணில் ஈயமும் இருக்கும். இரும்பு மாத்திரை கொடுத்து, அதோடு டீ குடிக்கவே கூடாது என்றார். சில வாரத்தில் அந்தச் சுவர் பக்கம் போகவே தோன்றவில்லை.

போன வாரம் மேலூரிலிருந்து நாத்தனார் பேசினாள், ஆறாம் மாசம். குரலைத் தாழ்த்தி, "மதினி, சிலேட்டுக்குச்சி தின்னா தப்பா?" என்றாள். தப்பா சரியா என்ற பேச்சுக்கே நான் போகவில்லை, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். பார்க்கவில்லையாம். சனிக்கிழமை நானே கூட்டிப் போகிறேன்.