டியூபை முதலில் முடிவு செய்யுங்கள், பெண்டரை அப்புறம் பார்க்கலாம்

கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்தபோது, பாஜா எஸ்ஏஇ இந்தியா என்ற மாணவர் போட்டிக்காக எங்கள் அணி ஒரு வண்டி கட்டியது. ஒருவர் மட்டும் உட்கார்ந்து கரடுமுரடான தடத்தில் ஓட்டும் வண்டி. ஓட்டுபவரைச் சுற்றிக் குழாயாலான ரோல் கேஜ் இருக்கும். வண்டி உருண்டால் உள்ளே இருக்கும் நண்பனைக் காப்பது அந்தக் கூண்டுதான். அதனால் அதன் ஒவ்வொரு வளைவும் எங்களுக்கு முக்கியமாக இருந்தது. அந்த வளைவுகளைப் போட ஒரு பெண்டரை, அதாவது குழாய் வளைக்கும் கருவியைத் தேடினோம்.

போட்டி விதிப்படி, கூண்டின் முக்கியக் குழாய்களுக்கு 25 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. கனம், குறைந்தது 0.18 சதவீதம் கார்பன் உள்ள எஃகு வேண்டியிருந்தது. வேறு அளவு என்றால் அதே அளவு வலுவும் விறைப்பும் இருப்பதைக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. நாங்கள் 25.4 மி.மீ., அதாவது ஒரு இஞ்ச், 3 மி.மீ. கனத்தில் 1018 என்ற வகை எஃகு டியூப் வாங்கினோம்.

முதலில் போனது கேட், கிரில் செய்யும் பட்டறைக்கு. அங்கே ஹைட்ராலிக் ஜாக் வைத்த பைப் பெண்டர் இருந்தது. ஒரு இஞ்ச் டையை, அதாவது குழாய் பதிந்து வளையும் பள்ளம் வைத்த அச்சை மாட்டினால் எங்கள் டியூப் அதற்குள் லொடலொடவென்று ஆடியது. பைப்பை உள்துளையை வைத்து அழைக்கிறார்கள், டியூபை வெளிவிட்டத்தை வைத்து. ஒரு இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 33.7 மி.மீ.; முக்கால் இஞ்ச் பைப்புக்கு 26.9. சரி, முக்கால் இஞ்ச் டையையே போடலாம் என்றார் பட்டறைக்காரர். ஒன்றரை மி.மீ. இடைவெளிதானே என்று நாங்களும் சம்மதித்தோம்.

வளைத்து முடித்து விட்டத்தை அளக்கும் வெர்னியர் வைத்துப் பார்த்தால் வளைவின் நடுவில் ஒரு பக்கம் 22, மறுபக்கம் 27. வட்டக் குழாய் முட்டை வடிவமாகியிருந்தது. உள்வளைவில் விரலை ஓட்டினால் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. இரண்டு ஓரத்திலும் உருளை தாங்க, நடுவில் ஜாக் தள்ளும் அமைப்பு அது. டியூபின் பக்கவாட்டை யாரும் பிடிப்பதில்லை. கனமான தண்ணீர் பைப்புக்கு அது போதும். உயிரைக் காக்க வேண்டிய கூண்டுக்குப் போதாது. அந்தத் துண்டை அன்றே ஒதுக்கிவிட்டோம்.

மணல் நிரப்பிச் சூடு காட்டி வளைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கோணம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வராது, சூடு பட்ட இடத்தில் எஃகின் குணமும் மாறும் என்பதால் வேண்டாம் என்றோம். மூன்று உருளை வைத்த ரோலிங் மிஷின் பெரிய வில்வளைவுகளுக்கு நல்லது; எங்களுக்குத் தேவைப்பட்ட இறுக்கமான மூலைகள் அதில் வராது.

கடைசியில் கோவை கணபதி பகுதியில் லேத் வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் போனோம். இணையத்தில் பார்த்த இறக்குமதி பெண்டர்களின் படங்களைக் காட்டினேன். அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மிஷின் கிடக்கட்டும் தம்பி, டியூபை எடுத்துட்டு வாங்க. எந்த சைஸ், எந்த ரேடியஸ், எத்தனை பெண்டுன்னு சொல்லுங்க" என்றார்.

அந்த மூன்று கேள்விதான் எல்லாவற்றையும் தீர்த்தது. டையின் வரிப்பள்ளம் டியூபின் வெளிவிட்டத்தை அப்படியே கவ்விக்கொள்ள வேண்டும். அதனால் ஒவ்வொரு வெளிவிட்டத்துக்கும், ஒவ்வொரு ஆரத்துக்கும் தனி டை வேண்டும். எங்கள் வரைபடத்தில் மூன்று விதமான ஆரம் இருந்தது. அன்றிரவே உட்கார்ந்து எல்லாவற்றையும் 100 மி.மீ. மைய ஆரத்துக்கு (டியூபின் நடுக்கோடு வரை அளக்கும் ஆரம்) மாற்றினோம். டியூபின் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் ஆரம் இருந்தால் நல்லது. எங்களுடையது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. 3 மி.மீ. கனமும் இருந்ததால் டியூப் நசுங்காமல் உள்ளிருந்து தாங்கும் மாண்ட்ரல் தேவைப்படவில்லை. மொத்தமே பத்துப் பன்னிரண்டு வளைவுகள் என்பதால் ஹைட்ராலிக்கும் வேண்டியதில்லை. டை சுழன்று டியூபைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும் கைப்பெண்டர் போதும் என்று அண்ணனே டை, டியூபை டையோடு அழுத்திப் பின்தொடரும் கட்டை, பிடிப்பான் மூன்றையும் கடைந்து கொடுத்தார். பெண்டரின் சட்டத்தை நாங்கள் தடித்த பிளேட்டில் வெல்டிங் செய்தோம்.

அதை முதலில் மேஜையில் போல்ட் போட்டு இழுத்தோம். டியூப் வளையவில்லை, மேஜைதான் திரும்பியது. ஒன்றரை மீட்டர் கைப்பிடியை இரண்டு பேர் தள்ளும் விசை அவ்வளவு. அப்புறம் கான்கிரீட் தரையில் நான்கு ஆங்கர் போல்ட் அடித்து நிறுத்தினோம். நீங்கள் கைப்பெண்டர் வாங்குவதாக இருந்தால், அதை எங்கே ஊன்றப் போகிறீர்கள், கைப்பிடி சுற்றிவர இடம் இருக்கிறதா என்பதை முன்னாடியே பார்த்துவிடுங்கள்.

90 டிகிரிக்கு இழுத்து விட்டால் 87-க்குத் திரும்பியது. 93 வரை இழுத்ததும் சரியாக நின்றது. இந்த எண் டியூபுக்கு டியூப் மாறும், அதனால் அதே கட்டு டியூபிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சோதித்துவிட்டுத்தான் நீளமான டியூபில் கைவைத்தோம். நீளக் கணக்கும் உண்டு: 100 மி.மீ. ஆரத்தில் 90 டிகிரி வளைவு 157 மி.மீ. டியூபை எடுத்துக்கொள்ளும். கூர்மூலையாக நினைத்து 200 என்று கணக்கிட்டால் ஒவ்வொரு வளைவுக்கும் 43 மி.மீ. மிஞ்சும்.

ஓட்டுபவருக்குப் பின்னால் நிற்கும் வளையத்தை முழு அளவில் தரையில் சாக்பீஸால் வரைந்து வைத்திருந்தோம். நான்காவது வளைவு முடிந்ததும் இரண்டு பேர் தூக்கி வந்து கோட்டின்மேல் வைத்தார்கள். இடதுபக்கம் கோட்டோடு உட்கார்ந்தது. வலதுகாலின் நுனி மட்டும் இரண்டு மி.மீ. வெளியே நின்றது. வெர்னியரை எடுத்து நான்கு வளைவையும் அளந்தேன், எங்கும் 24.5-க்குக் கீழே போகவில்லை.

அடுத்த ஆண்டு ஜூனியர்கள் எடையைக் குறைக்க 31.75 மி.மீ. விட்டத்தில் மெல்லிய 4130 அலாய் எஃகு டியூபுக்கு மாறினார்கள். பெண்டரின் சட்டம் அதேதான். டியூபில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கணபதிக்குப் போய்ப் புது டையும் அதற்கேற்ற கட்டையும் பிடிப்பானும் மட்டும் கடைந்து வந்தார்கள்.