தாளம் தப்பியது யாரால்?

ஒலியை மட்டுமே நம்பி ஆடும் தாள விளையாட்டில் பார்வையற்ற ஒருவர் அடியைத் தவறவிட்டால், முதலில் கைப்பேசி, இயர்போன் போன்ற கருவியைச் சந்தேகப்பட வேண்டும். அடுத்து நாம் எழுதிய நிரலை. ஆடியவரைச் சந்தேகப்படுவது கடைசியில்தான். கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் நாங்கள் உருவாக்கும் இத்தகைய விளையாட்டுக்குச் சோதனை நடத்தும்போது இந்த வரிசையை நாங்கள் மாற்றுவதே இல்லை. பார்வையுள்ளவருக்கு ஒலி பிந்தினாலும் திரையில் நகரும் புள்ளி ஓரளவு ஈடுகட்டிவிடும். காதால் ஆடுபவருக்கு அந்த வசதி கிடையாது. ஒலி எப்போது காதுக்கு வந்து சேர்கிறதோ, அதுதான் அவருக்கு நேரம்.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு 500 மில்லிவினாடி. அதற்குள் 'தகதிமி' என்ற நான்கு தாளச் சொற்களைச் சொன்னால் ஒரு சொல்லுக்கு 125. பல புளூடூத் இயர்போன்களில் ஒலி 150 முதல் 250 மில்லிவினாடி வரை பிந்தி வருகிறது. ஆக, 'த' கேட்டவுடன் துல்லியமாகத் தட்டியவரை நிரல் 'க'வுக்கோ 'தி'க்கோ தட்டியவராகக் கணக்கில் எடுக்கும். அவர் ஒரு பிசகும் இல்லாமல் ஆடியிருப்பார். மதிப்பெண் சுழியமாக வரும்.

அதனால் எந்தக் கைப்பேசியில் சோதித்தாலும் முதல் வேலை தாமதத்தை அளப்பது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இரண்டாவது கைப்பேசி ஒன்றில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, சோதிக்கும் கைப்பேசிக்குப் பக்கத்தில் வையுங்கள். தட்டியதும் ஒலிக்கும் ஒரு சாதாரணத் திரையைத் திறந்து, நகத்தால் கண்ணாடியில் பத்து முறை தட்டுங்கள். இயர்போனை அளக்க வேண்டுமென்றால் அதன் வாயைப் பதியும் கைப்பேசியின் மைக் துளையோடு ஒட்டிப் பிடியுங்கள். பதிவை ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்து பெரிதாக்கினால் நகம் பட்ட கூரிய முள் ஒன்றும், சற்றுத் தள்ளி விளையாட்டின் ஒலி எழும் முள் ஒன்றும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் விடை. பத்தையும் வரிசைப்படுத்தி நடு மதிப்பை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு தடுமாற்றம் அதைக் கெடுத்துவிடும். தொடுதிரையின் தாமதமும் ஒலியின் தாமதமும் சேர்ந்த எண் இது. பிரித்துத் தராது என்றாலும், ஒரு கைப்பேசியையோ இயர்போனையோ இன்னொன்றோடு ஒப்பிட இது போதும்.

நிரலுக்குள் கடிகாரம் ஒன்றுதான் இருக்க வேண்டும், அதுவும் ஒலியின் கடிகாரமாக இருக்க வேண்டும். திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும்போது ஒரு சட்டத்துக்கு, அதாவது திரையின் ஒரு படத்துக்கு, 16.7 மில்லிவினாடி ஆகிறது. அடிகளை அந்தச் சட்டத்தில் தொடுத்தால் ஒவ்வோர் அடியும் கொஞ்சம் முன்னேயும் பின்னேயும் ஆடும். யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் அடிகளை முன்கூட்டியே ஒலிக் கடிகாரத்தில் குறித்து வைக்கலாம். ஆனால் அந்தக் கடிகாரமும் இடையகத்துக்கு (ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்து அனுப்பும் நினைவகப் பகுதி) ஒரு முறைதான் நகரும்: 48,000 ஹெர்ட்ஸில் 1,024 மாதிரிகள் என்றால் 21 மில்லிவினாடிக்கு ஒரு தாவல். தட்டின் நேரத்தைக் குறிக்கும்போது நடுவில் உள்ளதை நாமே கணக்கிட்டு நிரப்ப வேண்டும். இடையகத்தை 256 ஆக்கினால் தாவல் 5.3 ஆகச் சுருங்கும். ஆனால் மலிவான ஆண்ட்ராய்டில் ஒலி படபடவென்று பொரியத் தொடங்கும். அங்கே 512க்கு ஏறிவிடுவதே மேல். மாறாத தாமதத்தைக் கழித்துவிட முடியும், பொரிகிற ஒலியை எதுவும் செய்ய முடியாது.

சிறிய ஒலித் துண்டுகளை எம்பி3 ஆக வைக்காதீர்கள். எம்பி3 ஆக்கும் லேம் குறியாக்கியும் அதைத் திரும்ப ஒலியாக்கும் குறிநீக்கியும் சேர்ந்து கோப்பின் தலையில் 1,105 மாதிரி மௌனத்தைச் சேர்க்கின்றன. 44,100 ஹெர்ட்ஸில் அது 25 மில்லிவினாடி. சுற்றிச் சுற்றி ஒலிக்கும் மேளமாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல் கேட்கும். வேவ் கோப்பு இடத்தை அடைத்தாலும் பரவாயில்லை.

இதைவிட நுட்பமான சிக்கல் குரலில் இருக்கிறது. "சாத்து, துவா, தீகா" என்று மலாயில் எண்ணிக்கை கொடுத்துப் பாட்டைத் தொடங்குவது இங்கே இயல்பாகத் தோன்றும். 'சா' என்ற ஒலியில் முதலில் ஒரு சீறல் வருகிறது. உயிரொலி எழச் சில பத்து மில்லிவினாடிகள் ஆகும், நிதானமாகப் பேசுபவரிடம் 100ஐயும் தொடும். காது தாளத்தைப் பிடிப்பது கோப்பின் தொடக்கத்தில் இல்லை, உயிரொலி எழும் இடத்துக்கு அருகில். கோப்பின் தொடக்கத்தை அடியோடு பொருத்தினால் எண்ணிக்கை பிந்திக் கேட்கும். ஆடுபவரும் அதே அளவு பிந்தித் தட்டுவார். அவர் காது சரியாகத்தான் வேலை செய்தது. தீர்வு: குரலோடு சேர்த்து ஒரு கூர்மையான சொடுக்கொலியை ஒலிக்கவிட்டு, இரண்டும் ஒன்றாக விழுவதாகக் கேட்கும் வரை குரலை முன்னால் நகர்த்துங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் தவிர்க்க முடியாது.

வாயால் தாளம் சொல்லும் சொற்கட்டை நாங்கள் விரும்புவது இதனால்தான். த, கி, ட, தி எல்லாம் சட்டென்று வெடித்து எழும் ஒலிகள். நகர்த்த வேண்டிய அளவு மிகக் குறைவு. 'தகிட' மூன்று, 'தகதிமி' நான்கு, இரண்டும் சேர்ந்தால் ஏழு. சங்கீதம் படிக்காதவர்கூடச் சில சுற்றுகளில் இதைப் பிடித்துக்கொள்கிறார். முதல் சுற்றில் குரல் சொல்லும், அடுத்த சுற்றில் ஆடுபவர் தட்டுவார். நினைவும் தாளமும் சேர்ந்து வேலை செய்வதால் எதிர்வினை வேகத்தைச் சோதிக்கும் ஆட்டமாக இது சுருங்கிவிடாது.

பின்னணிக்கு உறுமி மேளத்தைச் சேர்த்தால் நம் ஊர்த் தைப்பூச மணம் வரும். ஆனால் உறுமியின் இழுவை கீழ்ச் சுருதிகளை விழுங்கிவிடும். குறிப்பொலியை மேலே, ஜால்ராவின் பக்கம் வையுங்கள். இடது, வலது என்று திசையை மட்டும் வைத்துக் குறிப்புக் கொடுக்கவே கூடாது. கேஎல் சென்ட்ரலில் ரயில் அறிவிப்பைக் கவனிக்க வேண்டியவர் ஒரு காதில்தான் இயர்போன் மாட்டியிருப்பார். இடம் என்றால் தவில், வலம் என்றால் ஜால்ரா என்று ஒலியின் குணமும் மாறினால் ஒற்றைக் காதிலும் ஆடலாம். தட்டியதும் பதில் ஒலி தரும் ஆசை எல்லாருக்கும் வரும். அது 100 மில்லிவினாடி பிந்தினால், ஆடுபவர் அதற்காகக் காத்துக் காத்து வேகம் குறைவார். தாமதம் அதிகமான கருவியில் பதில் ஒலியை அணைத்துவிட்டு, ஆவர்த்தம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) முடிந்த பிறகு முடிவைச் சொல்லுங்கள்.

திரையில் உள்ளதைக் குரலாகப் படிக்கும் திரைவாசிப்பான்களோடு ஒத்துப்போவது தனி உழைப்பு. ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக் இயங்கும்போது ஒற்றைத் தொடுகை ஆட்டத்துக்கு வந்து சேராது, அது படித்துக் காட்டுவதற்கான தொடுகை. அப்போது வரும் மிதவைத் தொடுகையை (ஹோவர் நிகழ்வு)ப் பிடித்துத் தட்டாகக் கொள்ள வேண்டும். ஐபோனின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவருக்கு, ஆடும் பகுதியை நேரடித் தொடுகைப் பகுதி என்று அறிவிக்க வேண்டும். எப்படி வெளியேறுவது என்பதை உள்ளே நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள். ஆட்டத்தின் நடுவில் மதிப்பெண்ணை டாக்பேக்கிடம் கொடுக்காதீர்கள். அது பேசும்போது மற்ற ஒலிகள் தணிந்து மேளமும் அமுங்கிவிடும். தமிழ் எழுத்தில் உள்ள பட்டியலை ஆங்கிலக் குரல் படிக்காது, ஆகவே மொழியைக் குறித்து வையுங்கள் அல்லது குரலைப் பதிவு செய்து வையுங்கள். பதிவு செய்த குரலை எந்த நொடியிலும் தட்டி நிறுத்த முடிய வேண்டும். படுவேகமாகக் கேட்டுப் பழகியவர்களை நிதானமான வரவேற்புரையில் சிறைவைப்பது மரியாதையாகாது.

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கியது. அது இருப்பதும் பிரிக்ஃபீல்ட்ஸில்தான். அங்கே உடம்புபிடி நிலையங்களில் வேலை செய்யும் பார்வையற்றவர்களுக்கு மாலை நேரம் வருமானத்துக்கானது, சோதனையைக் காலையில் வையுங்கள். சம்மதப் படிவத்தை முதல் நாளே திரைவாசிப்பான் படிக்கக்கூடிய கோப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நேரத்துக்கான பணமும் கிராப் செலவும் தர வேண்டும். பார்வையுள்ளவரின் கண்ணைக் கட்டி ஆடவிடுவது இதற்கு மாற்றே அல்ல. ஆடும்போதே யோசனையைச் சொல்லச் சொல்லாதீர்கள், காது வேலையில் இருக்கிறது. பாட்டு முடிந்ததும் கேளுங்கள்.

கடைசியில் பதிவேடு. ஒவ்வொரு தட்டும் எத்தனை மில்லிவினாடி முந்தியது, பிந்தியது என்று குறியோடு எழுதி வைக்கிறோம். எல்லாத் தட்டும் ஒரே அளவு தள்ளி விழுந்தால் அளவீடு தப்பு. அளவீட்டைக் கம்பிக்கு, புளூடூத்துக்கு, ஒலிபெருக்கிக்கு எனத் தனித்தனியே சேமிக்காவிட்டால் இப்படித்தான் ஆகும். பாட்டு போகப் போக விலகினால் எங்கோ இரண்டாவது கடிகாரம் ஓடுகிறது. ஒரு சொல்லில் மட்டும் எல்லாரும் பிந்தினால் அந்தக் குரல் துண்டை இன்னும் முன்னால் நகர்த்த வேண்டும். கொஞ்சம் முந்தித் தட்டுவது மனித இயல்பு, அதை யாருக்கும் குறையாக எழுத மாட்டோம். ஒருவருக்கு மட்டும் எல்லாப் பாட்டிலும் முன்னும் பின்னுமாகச் சிதறினால் அப்போதுதான் ஆட்டத்தின் கடினத்தைப் பற்றிப் பேசுகிறோம். அவர் ஏற்புவெளியை (தட்டைச் சரி என்று ஏற்கும் நேர இடைவெளி) அடியின் இருபுறமும் 50லிருந்து 80 மில்லிவினாடி ஆக்கிக்கொள்ள அமைப்பில் இடம் உண்டு. மதிப்பெண் பட்டியலில் அவர் பெயரும் மற்றவர்களோடு ஒரே வரிசையில்தான் வரும்.