எங்கள் வீட்டுக்கு ஒத்துவந்த துவைக்கும் முறை

ஞாயிறு முழுவதையும் துணிக்கே கொடுத்துவந்த வழக்கத்தை விட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் ஒரே ஒரு ஈடு மட்டும் வாஷிங் மெஷினில் போடுவது என்று மாற்றிக்கொண்ட பிறகுதான், எங்கள் வீட்டில் அழுக்குக்கூடை நிரம்பி வழிவது நின்றது.

சென்னையில் எங்கள் அடுக்ககத்துக்கு வருவது ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகித் துணியில் ஒட்டிக்கொள்வதால், கறுப்புச் சட்டைகளில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். ஆகவே சோப்புக் கட்டியைக் கைவிட்டுச் சலவைத்தூளுக்கு மாறி, டிரம்மில் முக்கால் அளவுக்கு மேல் திணிக்காமல், இன்னொரு முறை அலசவும் விடுகிறோம். பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையில் கழுத்துப்பட்டையின் உட்புறத்தை மட்டும் முன்னதாகவே கையால் கசக்கிவிடுவது அவசியம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மொட்டைமாடிக் கொடி உதவாது. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே இடைவெளி விட்டு விரித்தால், ஜீன்ஸைத் தவிர மற்றவை ஈரவாடை இல்லாமல் உலர்ந்துவிடுகின்றன.