40 லீற்றரும் 7 கிலோவும்

கொழும்புப் புறக்கோட்டையில் விமானப் பயணத்துக்கென்று எந்தப் பேக்கைத் தொட்டாலும் கடைக்கார அண்ணா சொல்வது ஒன்றுதான்: "இது கேபினுக்குள்ள போகும் தம்பி." அவர் பொய் சொல்லவில்லை. அளவு போகும், நிறைதான் போகாது.

இதைப் போன வருஷம் ஒரு வெளிநாட்டு போர்டிங் கேட்டில் காசு கொடுத்துப் படித்தேன். ஆசையாக வாங்கிய 40 லீற்றர் பேக், தராசில் 9.4 கிலோ. இரண்டு டீசேர்ட்டை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டு, சார்ஜரைக் காற்சட்டைப் பைக்குள் திணித்து, வரிசையில் நின்ற எல்லோருக்கும் வேடிக்கை காட்டியும் குறையவில்லை. பிழை என்னுடையதுதான், டிக்கெட்டிலேயே 7 கிலோ என்று போட்டிருந்தது.

வெள்ளவத்தைக்கு வந்த அன்றே கொளுவித் தூக்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கி ஒவ்வொன்றாக நிறுத்தேன். வெறும் பேக் 1.6 கிலோ, லப்டொப்பும் சார்ஜரும் 2.1. ஒரு உடுப்புக்கூட வைக்க முன்னரே 3.7 போய்விட்டது. மிச்சம் 3.3 கிலோவுக்கு 40 லீற்றர் எதற்கு?

யூடியூப்பில் பேக் பற்றிக் கதைக்கிறவர்களில் பாதிப் பேர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருந்து கதைக்கிறார்கள். அங்கே பல விமானங்களில் அளவுதான் பிரச்சினை. நம்முடைய பக்கத்தில் ஶ்ரீலங்கன், இண்டிகோ, எமிரேட்ஸ் எல்லாமே எகொனமிக்கு 7 கிலோ, ஏர்ஏசியாவில் கைப்பையையும் சேர்த்தே 7. எல்லோரும் புகழும் ஒஸ்ப்ரே ஃபார்பொயின்ட் 40 நல்ல பேக்தான், முதுகுக்குச் சுகம், ஆனால் வெறுமையாகவே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. ஆகவே என் முதல் கேள்வி இப்போது லீற்றர் இல்லை, வெறும் பேக்கின் நிறை. ஒரு கிலோவைத் தாண்டினால் திரும்பிப் பார்ப்பதில்லை.

அளவையும் விட்டுவிட முடியாது. இண்டிகோவில் 55 × 35 × 25 செ.மீ., ஏர்ஏசியாவில் 56 × 36 × 23. உயரமும் அகலமும் பெரிதாக மாறாது, ஏமாற்றுவது தடிப்புதான். லேபிளில் 20 என்று இருக்கும், முன் பொக்கெட்டில் ஒரு சோடி செருப்பை வைத்துச் சிப்பை இழுத்தால் வயிறு தள்ளி 27க்கு வந்து நிற்கும். அதனால் நிரப்பிய பிறகு தையல்கார அக்காவிடம் இரவல் வாங்கிய நாடாவால் அளக்கிறேன். (யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் இன்னும் கவனம், அங்கே வரும் ஏடிஆர் சின்ன விமானம், தலைக்கு மேல் பேக் வைக்கும் தட்டும் சின்னது.)

கடைசியில் எடுத்தது 32 லீற்றர், 850 கிராம், சூட்கேஸ் மாதிரி முழுதாகத் திறக்கும். இடுப்புப் பட்டி இல்லை. 7 கிலோவுக்கு அது தேவையும் இல்லை. வெளிப்பக்கம் ஒரு பொக்கெட் உண்டு, பவர்பேங்க் அதற்குள். அதைச் செக்-இன் பெட்டிக்குள் போடவே கூடாது, 100 வாட்-மணி (பற்றரி கொள்ளும் சக்தியின் அளவு) வரை கையில் கொண்டுபோகலாம், 20,000 எம்ஏஎச் என்றால் 74தான் வரும், பயமில்லை. கேட்டில் பேக்கைப் பறித்துக் கீழே அனுப்பினாலும் சட்டென்று உருவிவிடலாம்.

அடுத்த மாதம் சென்னை. நேற்றிரவு எல்லாம் அடுக்கித் தூக்கிப் பார்த்தேன், 6.3. அம்மா பக்கத்திலேயே நின்று தராசைப் பார்த்தார். காலையில் எழும்பினால் மேசையில் இரண்டு குட்டான் பனங்கட்டி.

"700 கிராம் இடமிருக்கு எண்டுதானே சொன்னாய்? சித்திக்கு."