துவக்கு இல்லாத அட்டைகள்

கொழும்பிலிருந்து போஸ்ட் காட் ஒன்று வரும். "இளம் பெண். பழைய கிணறு. பின்னால் ஒரு கை. மூன்று கலர். வெள்ளிக்கிழமைக்குள் தேவை." எனக்குக் கிடைக்கிற கதை அவ்வளவுதான். துப்பறியும் நாவலுக்கும் பேய்க்கதைக்கும் பதினைந்து வருஷம் அட்டைப்படம் கீறினேன். வாசித்துவிட்டுக் கீறினவை நாலைந்துக்கு மேல் இராது. சில நாவல்கள் நான் அட்டையை முடிக்கிறபோது எழுதியே முடிந்திருக்காது.

திருகோணமலை மத்திய வீதியில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறதுதான் அப்போது என் தொழில். 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டதும் மலிவுப் பதிப்பு நாவல்கள் இங்கேயே மளமளவென்று அச்சாகின. ஆளுக்குத் தட்டுப்பாடு, பலகை எழுதுகிறவனுக்கும் இடம் கிடைத்தது. எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. 1957இல் பிரிட்டிஷ் கடற்படை இந்தத் துறைமுகத்தைக் கையளித்துப் போனபோது மிஞ்சின இங்கிலிஷ் பொக்கெட் புத்தகங்கள் பழைய பேப்பர்க் கடையில் நெடுநாள் கிடந்தன. கடலை சுற்றக் கிழிக்குமுன் அட்டைகளை மட்டும் வாங்கிவந்து சுவரில் ஒட்டிவைத்தேன். பார்க்கப் பார்க்கத்தான் பிடிபட்டது: எல்லாவற்றிலும் மேற்பக்கம் சும்மா கிடந்தது. வானம், இருட்டு, வெறும் சுவர். தலைப்புக்கு விட்ட இடம். அது தெரியாமல் என் முதல் அட்டையில் எங்கள் ஊர்ச் சுவாமி மலையை விளிம்புவரை நிரப்பியிருந்தேன். அச்சுக்கூடத்தில் தலைப்பைக் கொண்டுபோய்க் கதாநாயகன் முகத்தில் ஏற்றிவிட்டார்கள்.

ஏழங்குலப் புத்தகத்துக்குப் பத்தரை அங்குலத்தில் கீறவேண்டும். சுருக்கும்போது கை நடுங்கின இடமெல்லாம் மறைந்துவிடும். கறுப்பு முழுவதும் தடித்த போட்டில் இந்தியன் இங்க்கால்; அதன்மேல் டிரேசிங் தாள், எங்கே மஞ்சள், எங்கே சிவப்பு என்று. ஒவ்வொரு கலருக்கும் தனிப் பிளொக், அதாவது அச்சுக் கட்டை, தனி ஓட்டம். ஒரு பிளொக் கூடினால் பதிப்பக முதலாளிக்கு முகம் கறுக்கும். ஆகவே மூன்றை ஐந்தாகக் காட்டுகிறதே வித்தை. மஞ்சளின் மேல் சிவப்பு விழுந்தால் செம்மஞ்சள், சிவப்பைப் புள்ளியாக்கினால் மனுஷத் தோல், தாளை அப்படியே விட்டால் வெள்ளை இலவசம். பிளொக் ஒரு நூல் விலகினாலும் உதட்டுச் சாயம் கன்னத்தில் ஏறிவிடும். அப்படி விலகி வந்த பேய்க்கதை ஒன்று நன்றாக விற்றதாகக் கேள்வி. பேய்க்குப் பொருந்தியிருக்கும்.

மொடல் பிடிக்கக் காசில்லை. டொக் சாவேஜ் என்ற சாகச நாவல் வரிசைக்கு 1964 முதல் 62 அட்டைகள் வரைந்த அமெரிக்கர் ஜேம்ஸ் பாமா, ஸ்டீவ் ஹொலண்ட் என்ற ஒரே மொடலைத்தான் திரும்பத் திரும்ப நிற்கவைத்தார் என்று பிற்காலத்தில் அறிந்தபோது சிரிப்பு வந்தது. என் ஸ்டீவ் ஹொலண்ட் எங்கட அக்கா. பின்னேரம் வேலை முடிந்ததும் தலைமயிரை விரித்துப் பாயில் கிடப்பா. "கண்ணை முழிக்கட்டோ, மூடட்டோ?" என்று கேட்பா. உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பிணமாகக் கீறுகிறது அம்மாவுக்கு அடுக்காது, அந்தப் பக்கமே வரமாட்டா. அத்தான் வில்லன். துவக்குக்கு, அதுதான் துப்பாக்கிக்கு, பதில் கையில் சுத்தியல்.

அந்தத் துவக்குத்தான் பிறகு வில்லங்கமானது. துவக்கு இல்லாத துப்பறியும் நாவல் விலைப்படாது என்பது முதலாளியின் வேதம். 1980களின் நடுவில் ஒரு நாள், இரவுக் கோச்சி பிடிக்கப் போகிற வழியில், சோதனைச் சாவடியில் என் பையைக் கவிழ்த்தார்கள். இரண்டு அட்டைப்படம். அத்தான் சுத்தியலோடு நிற்கிற போட்டோ நாலு. ஒன்றில் சுத்தியலைப் பேனையால் துவக்காக்கியிருந்தேன். அதை விளங்கப்படுத்த என் சிங்களம் போதவில்லை. விடியும்வரை வாங்கில் இருந்தேன். கடைசியில் அக்காவின் பிணம்தான் காப்பாற்றியது. அதைப் பார்த்த ஒருவர், தன் மனைவியும் இந்த மாதிரிப் பொத்தகம்தான் வாசிக்கிறா என்று சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் துவக்கு கீறவில்லை. சுவரில் நிழல், ஒற்றைச் செருப்பு, திறந்த கதவு, கதவுக்கு அப்பால் கடல். "இதென்ன குடும்ப நாவலா?" என்று முதலாளி எழுதினார். ஊரில் உண்மையாகவே வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. துவக்குப் பிடித்தவன் படம் எனக்கு சினிமா விளம்பரம் போலத்தான் தெரிந்தது. திறந்து கிடக்கிற கதவைத்தான் எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் பயந்து பயந்து பார்த்தோம். நான் கீறினதில் நல்லவை அந்த நாலு வருஷத்து அட்டைகள்தான்.

ஒன்றின் மூலப்படமும் என்னிடம் இல்லை. அச்சுக்கூடத்தார் திருப்பித் தருவதில்லை, கேட்கலாம் என்று எனக்கும் தெரியாது. 1990இல் ஊரைவிட்டு ஓடினபோது சுவரில் இருந்தவையும் போயின. திரும்பிவந்து பலகைக்கே போனேன். பிளெக்ஸ் வந்து அதையும் எடுத்துக்கொண்டது.

போன மாசம் அக்கா கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினா. ஆரோ தெரிந்தவர் வீட்டில் கிடந்த புத்தகமாம். என் அட்டை, கிணற்றடியில் அவ, பின்னால் அந்தக் கை. "தம்பி, கழுத்து என்ர இல்லை" என்றா முதலில். பிறகு, "இதில நான் செத்தவளோ, கொன்றவளோ?" என்று கேட்டா. எனக்கு எப்படித் தெரியும்? புத்தகம் கையில் இருக்கிறதுதானே, வாசித்துப் பாருங்கோ என்றேன்.

கடைசிப் பதினாறு பக்கம் இல்லையாம்.